கடலில் ஒரு மண் குதிரை!

ஓட்டைக் கப்பல்களை நம்பிப் போகும் உயிர்களைக் காப்பது யார்?

லாரிக்குப் பெயர் போனது நாமக்கல் மாவட்டம். அந்த மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள 14 நாடுகளில் ஒன்று அரியூர் நாடு. மலையில் விளையும் அன்னாசியும் பலாவும் மிளகும் சந்தைக்குப் போக வேண்டுமானால் லாரி கீழே இறங்க வேண்டும். காரவள்ளி வழியாக இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் அதல பாதாளம்.

அந்த லாரியின் பிரேக் நன்றாகப் பிடிக்குமா? டயர் வழுக்கையா? ஸ்டியரிங் ஆட்டம் காணுகிறதா? இதையெல்லாம் சோதித்துக் கொடுப்பதுதான் "எப்.சி." என்னும் தகுதிச் சான்று. "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்று ஜனங்கள் பெயர் வைத்திருக்கும் அதிகாரி நீண்ட காலமாகப் பார்த்து வந்த வேலை இது. லாரிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எப்.சி.; அதற்கு மேல் வருடா வருடம். எப்.சி. இல்லாத வண்டியில் ஏறி உட்கார எந்த டிரைவரும் யோசிப்பார்.

கடலில் போகும் கப்பலுக்கும் இப்படி ஒரு எப்.சி. உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றல்ல, பல உண்டு. லாரியில் பிரேக் போனால் ஓரமாக நிறுத்திக் கல்லை அண்டக் கொடுக்கலாம். நடுக்கடலில் கப்பலுக்குக் கோளாறு வந்தால் எதை அண்டக் கொடுப்பது? மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள் பெரியவர்கள். மண் குதிரையை நம்பிக் கடலிலேயே இறங்கியவர்களின் கதை இது.

சென்னையில் நடந்த பயங்கரம்

2012-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி. வங்கக் கடலில் "நீலம்" என்ற புயல். மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்கப் போகிறது என்று வானிலை நிலையம் எச்சரித்து விட்டது. புயல் நேரத்தில் கரை அருகே நிற்பது கப்பலுக்கு ஆபத்து. ஆகவே கப்பல்கள் ஆழ்கடலுக்குப் போய் விடுவதுதான் முறை.

ஆனால் ஒரு கப்பல் போகவில்லை. அதன் பெயர் "பிரதீபா காவேரி". இந்தியக் கொடி பறந்த எண்ணெய்க் கப்பல். சரக்கை இறக்கி விட்டுக் காலியாகச் சென்னைக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்று கொண்டிருந்தது. கப்பலில் இருந்தவர்கள் 37 பேர்.

காலிக் கப்பல் தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதன் பக்கங்களில் காற்று மோதும்போது, இரும்புச் சுவரே பாய் விரித்தது போல் ஆகிவிடும். புயல் வேகத்தை நங்கூரம் தாங்கவில்லை. கப்பல் இழுபட்டுக் கரையை நோக்கி வந்தது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே தரை தட்டி நின்றது.

உயிர் பிழைக்க மாலுமிகளில் 22 பேர் உயிர் காக்கும் படகில் இறங்கினார்கள். பாவம்! மலை போல் எழுந்த அலை அந்தப் படகைக் கவிழ்த்து விட்டது. கரையில் நின்ற மீனவர்கள் கொந்தளிக்கும் கடலில் துணிந்து படகை விட்டுப் பலரைக் கரை சேர்த்தார்கள். கப்பலிலேயே தங்கிவிட்டவர்களைக் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர் மறுநாள் மீட்டது. அப்படியும் ஆறு இளைஞர்களின் உயிர் போயிற்று.

பெரிய இரும்புக் கப்பலிலிருந்து இறங்கியவர்களைக் காப்பாற்றியது, எந்தச் சர்வதேசச் சர்டிபிகேட்டும் வாங்காத மீனவர் படகு!

சாவுச் செய்தியோடு இன்னொரு செய்தியும் வெளி வந்தது. அந்தக் கப்பல் பல நாட்களாக அங்கேயே நின்றது. சாப்பாட்டுச் சாமான் இல்லை, குடிதண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, சம்பளமும் ஒழுங்காக வரவில்லை என்று மாலுமிகள் முறையிட்டிருந்தார்கள். சென்னை நகரத்து மாடி வீடுகளிலிருந்து கண்ணால் பார்க்கக் கூடிய தூரத்தில் நின்ற கப்பலின் கதி இது. நவம்பர் 11-ந் தேதி இழுவைக் கப்பல்கள் அதை மணலிலிருந்து விடுவித்து இழுத்துச் சென்றன. ஆனால் ஒரு கேள்வி மட்டும் கரையிலேயே நின்று விட்டது: கடலுக்குத் தகுதியில்லாத கப்பலைத் தடுத்து நிறுத்த வேண்டியவர் யார்?

சவப்பெட்டிக் கப்பல்கள்

இந்தக் கேள்வி புதிதல்ல. 150 வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்து பார்லிமெண்டையே இது கலக்கியது.

அந்தக் காலத்தில் சில கப்பல் முதலாளிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். உளுத்துப் போன பழைய கப்பலை வாங்குவார்கள். பெயரை மாற்றிப் புது வர்ணம் பூசுவார்கள். அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றுவார்கள். கப்பலின் விலையை விட அதிகமாக இன்சூர் செய்வார்கள். கப்பல் போய்ச் சேர்ந்தால் சரக்குக் கூலி. மூழ்கினால் இன்சூரன்ஸ் பணம்! எப்படியும் முதலாளிக்கு லாபம். மாலுமிக்கு?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது பழமொழி. கடலில் மட்டும் உப்பைத் தின்பவன் ஒருவன். உப்புத் தண்ணீரைக் குடித்துச் சாகிறவன் வேறொருவன். ஜனங்கள் அந்தக் கப்பல்களுக்குச் "சவப்பெட்டிக் கப்பல்கள்" என்றே பெயர் வைத்தார்கள்.

கப்பல் ஓட்டை என்று தெரிந்து "போக மாட்டேன்" என்று சொன்ன மாலுமிகளைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். ஒப்பந்தத்தை மீறிய குற்றமாம்! கடலில் சாவு, கரையில் சிறை. இரண்டில் ஒன்றைப் பொறுக்கிக் கொள் என்றது சட்டம்.

இதைக் கண்டு கொதித்தவர் சாமுவேல் பிளிம்சால் என்பவர். 1824-ம் ஆண்டு பிரிஸ்டலில் பிறந்தவர். நிலக்கரி வியாபாரி. மாலுமியல்ல. 1868-ம் ஆண்டு டெர்பி தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்கு வந்தார். 1873-ம் ஆண்டு மாலுமிகளின் அவதியை விவரித்து ஒரு புத்தகம் வெளியிட்டார். நாடே பேசியது.

1875-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, கப்பல் மசோதாவை அந்தக் கூட்டத்தில் எடுத்துக் கொள்ளப் போவதில்லை என்று பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சாலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முஷ்டியை ஓங்கினார். மாலுமிகளைச் சாகக் கொடுப்பவர்கள் அயோக்கியர்கள் என்று சபையிலேயே கத்தினார். சபையை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்குள் ஊர் ஊராக ஜனங்கள் அவர் பக்கம் திரண்டு விட்டார்கள். அவசரச் சட்டம் ஒன்று அந்த வருடமே வந்தது. அடுத்த ஆண்டு 1876-ல் நிலையான சட்டம் பிறந்தது. தகுதியற்ற கப்பலைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் சர்க்காருக்குக் கிடைத்தது.

வட்டமும் கோடும்

கப்பலின் நடுப் பக்கத்தில் ஒரு வட்டமும், அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருப்பதைத் துறைமுகத்துக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். அதுதான் பிளிம்சால் கோடு. அந்தக் கோடு தண்ணீருக்குள் மூழ்கும் அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஒரு கோட்டுக்காகவே அத்தனை போராட்டம்!

அந்த வெற்றியிலும் ஓர் ஓட்டை இருந்தது. 1876-ம் ஆண்டுச் சட்டம் கோடு போட வேண்டும் என்று சொன்னதே தவிர, எங்கே போட வேண்டும் என்பதை முதலாளியிடமே விட்டு விட்டது. ஒரு காப்டன் கப்பலின் புகைபோக்கியில் கோடு போட்டு வைத்தான் என்று ஒரு கதை உண்டு! 1890-ல்தான் கோட்டின் இடத்தைச் சர்க்கார் விதிப்படி குறிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1930-ல் அது பல நாடுகளின் ஒப்பந்தமாயிற்று. 1966-ல் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

வட்டத்தின் பக்கத்தில் ஏணிப்படி போல வேறு சில கோடுகளும் இருக்கும். கோடைக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று, வெப்பக் கடலுக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று. ஏன் இத்தனை? ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் கோழி முட்டையைப் போட்டால் மூழ்கும். அதே சொம்பில் உப்பைக் கரைத்தால் முட்டை மேலே வரும். கப்பலும் அப்படியே. ஆற்றுத் துறைமுகத்தில் சற்று அதிகமாக அமிழும். கடலுக்கு வந்ததும் உயரும். குளிர் காலத்துக் கடலில் புயல் அதிகம். ஆகவே அப்போது பாரம் குறைவாக இருக்க வேண்டும். இத்தனை கணக்கும் அந்தச் சிறிய ஏணிக்குள் அடங்கியிருக்கிறது.

காப்பிக் கடையில் பிறந்த கம்பெனி

சாப்பாடு நன்றாக இருந்தால் "ஏ ஒன்!" என்கிறார்கள் நம் ஊரில். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? கப்பல் பதிவேட்டிலிருந்து!

லண்டனில் எட்வர்டு லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை வைத்திருந்தார். கப்பல் முதலாளிகள், வியாபாரிகள், இன்சூரன்ஸ்காரர்கள் எல்லோரும் கூடும் இடம் அது. எந்தக் கப்பலை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதுதான் அங்கே ஓயாத பேச்சு. அவர் காலத்துக்குப் பிறகும் கடையின் பெயர் நிலைத்தது. 1760-ம் ஆண்டு அந்தக் கூட்டத்தார் ஒரு சங்கம் அமைத்தார்கள். கப்பல்களைப் பரிசோதித்து, உடலுக்கு ஒரு தரம், நங்கூரம் முதலிய சாமான்களுக்கு ஒரு தரம் என்று எழுதி வைத்தார்கள். பிறகு உடலுக்கு "ஏ", சாமானுக்கு "1" என்பது முதல் தரமாயிற்று. இரண்டும் சேர்ந்தால் "ஏ 1".

இப்படிப் பிறந்ததுதான் "லாயிட்ஸ் ரிஜிஸ்டர்". இதைப் போலப் பல நாடுகளில் தர நிர்ணயச் சங்கங்கள் தோன்றின. இந்தியாவுக்கு 1975-ல் சொந்தச் சங்கம் வந்தது. அதன் பெயர் "இந்தியன் ரிஜிஸ்டர் ஆப் ஷிப்பிங்". தலைமை நிலையம் மும்பை. உலகத்தின் முக்கியமான சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பில் 2010-ல் அதற்கும் முழு இடம் கிடைத்தது.

இவர்கள் என்ன பார்க்கிறார்கள்? வருடத்துக்கு ஒரு முறை மேலோட்டமான சோதனை. இரண்டு மூன்று வருடத்தில் நடுச் சோதனை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை முழுச் சோதனை. ஐந்து வருடத்தில் இரு முறை கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்தாக வேண்டும். அதற்காகக் கப்பலை உலர் துறையில் ஏற்றித் தண்ணீரை வடித்து விடுவார்கள். யானை முட்டி போட்டு உட்கார்ந்தது போலக் கப்பல் கட்டைகளின் மேல் உட்காரும்.

உடனே சர்வேயர் உள்ளே புகுந்து விடுவார். இருட்டுத் தொட்டிகளில் டார்ச் விளக்குடன் தவழ்வார். சுத்தியலால் தட்டுவார். நல்ல இரும்பு "டங்" என்னும். உளுத்த இரும்பு "தொப்" என்னும். ஒலி அலைக் கருவியால் தகடு எத்தனை மில்லி மீட்டர் தேய்ந்தது என்று அளப்பார். நங்கூரச் சங்கிலியைத் தரையில் நீட்டிப் போட்டு வளையங்களின் கனத்தைப் பார்ப்பார். தேய்ந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதிது வைக்கச் சொல்வார்.

உயிர் காக்கும் படகுக்கும் கடுமையான விதி உண்டு. 1912-ல் "டைட்டானிக்" மூழ்கிய பிறகு, 1914-ல் முதல் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன் வழி வந்த இன்றைய விதிப்படி ஒவ்வொரு படகையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். படகை இறக்கும் கம்பி வடத்தை ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறை மாலுமிகளுக்குப் பயிற்சி வேண்டும். ஏனென்றால் அந்தப் படகு தேவைப்படும் நாளில் ஒத்திகைக்கு நேரம் இருக்காது.

சர்க்காரின் கை

இந்தியா சுதந்திரம் அடைய 29 நாட்கள் இருந்தன. 1947-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி. பம்பாயிலிருந்து ரேவஸ் என்ற ஊருக்கு "ராமதாஸ்" என்ற பயணிக் கப்பல் புறப்பட்டது. பருவமழைக் காலம். பண்டிகைக்காக ஊர் போகும் கூட்டம். வழியில் கப்பல் கவிழ்ந்தது. 600-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பம்பாய்க்குக் கூப்பிடு தூரத்தில் இத்தனை சாவு!

சுதந்திர இந்தியா 1949-ல் கப்பல் துறைக்கு ஒரு தலைமை இயக்குநரை நியமித்தது. 1958-ல் வணிகக் கப்பல் சட்டம் வந்தது. தகுதியில்லாத கப்பலைக் கடலுக்கு அனுப்புவது குற்றம் என்றும், அப்படிப்பட்ட கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. சோதனை செய்ய "மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மெண்டு" என்ற சர்க்கார் துறை இருக்கிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் அதன் ஆபீஸ் உண்டு.

பெரிய கப்பலுக்கு மட்டுமல்ல, தூத்துக்குடித் தோணிக்கும் சோதனை உண்டு. மரத்தால் கட்டி, சரக்கு ஏற்றிக் கொண்டு மாலத்தீவு, லட்சத் தீவு என்று போய் வரும் தோணிக்கும் பதிவு வேண்டும். எவ்வளவு அமிழலாம் என்று குறியிட வேண்டும். சோதனைச் சான்று வாங்க வேண்டும். வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் பார்த்துப் பாய் விரித்த பரம்பரையினரும் இந்தக் குறியை மதித்தே போக வேண்டும்.

சம்பளம் கொடுப்பவர் யார்?

இத்தனை கண்கள் பார்த்தும் ஓட்டைக் கப்பல் எப்படித் தப்புகிறது? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

லாரி முதலாளி தன் வண்டிக்கு இஷ்டப்பட்ட பிரேக் இன்ஸ்பெக்டரை நியமித்துச் சம்பளம் கொடுக்க முடியாது. கப்பல் முதலாளி எந்தத் தர நிர்ணயச் சங்கத்திடம் போவது என்று தானே தேர்ந்தெடுக்கிறார். கட்டணமும் அவரே கொடுக்கிறார். பல நாட்டுச் சர்க்கார்கள் தங்கள் சோதனை வேலையையே இந்தச் சங்கங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. நேர்மையான சங்கம் "தகடு போயிற்று, மாற்று" என்றால், கெட்ட முதலாளி கண்டிப்பில்லாத வேறு சங்கத்தைத் தேடிப் போவார்.

கொடியும் அப்படித்தான். கப்பல் எந்த நாட்டில் பதிவாகிறதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்கு. முதலாளி ஒரு நாடு, மாலுமிகள் இன்னொரு நாடு, கொடி மூன்றாவது நாடு! பனாமா, லைபீரியா கொடிகள் உலகம் முழுவதும் பறக்கின்றன. கடற்கரையே இல்லாத மங்கோலியாவின் கொடி கூடக் கப்பலில் பறக்கிறது.

1999-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி "எரிகா" என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்ஸ் கரைக்கு அப்பால் இரண்டாக முறிந்தது. மால்டா கொடி, 24 வயதுக் கிழம். ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கொட்டிக் கரையெல்லாம் கறுத்தது. அந்தக் கப்பலுக்குச் சர்டிபிகேட் கொடுத்தது இத்தாலிய தர நிர்ணயச் சங்கம். "சர்டிபிகேட் கொடுத்தவருக்கும் குற்றத்தில் பங்கு உண்டு" என்று பிரெஞ்சுக் கோர்ட்டு 2008-ல் தீர்ப்புச் சொன்னது. 2012-ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. காகிதத்தில் கையெழுத்துப் போடுவதும் ஒரு பொறுப்பு என்று உலகம் உணர்ந்தது.

கொடி நாடு கண்டிக்காவிட்டால் என்ன செய்வது? வந்து சேரும் துறைமுகத்து நாடு கண்டிக்கலாம். 1982-ல் ஐரோப்பிய நாடுகள் பாரிசில் இப்படி ஓர் உடன்பாடு செய்தன. இந்துமாக் கடல் நாடுகள் 1998-ல் உடன்பாடு செய்து கொண்டன. அதன் செயலகம் கோவாவில் இருக்கிறது. எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் நம் அதிகாரி அதில் ஏறிச் சோதிக்கலாம். குறை பெரிதானால் சரி செய்யும் வரை கட்டிப் போடலாம். ஒரு துறைமுகத்தில் பிடிபட்ட செய்தி மற்றத் துறைமுகங்களுக்கும் போய் விடும்.

மண்ணே எமனாகும்போது

கப்பல் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. ஏற்றிய சரக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கொல்லிமலையில் வெட்டிய பாக்சைட் மண் ஒரு காலத்தில் லாரி லாரியாக மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று. பார்க்கச் சாதாரணச் செம்மண் போலத்தான் இருக்கும். நனைந்த மண் லாரியில் சற்று வழியும், அவ்வளவுதான். அதே மண் கப்பலில் ஆயிரக்கணக்கான டன்னாகக் குவிந்தால்? அலையின் ஆட்டத்தில் மண்ணில் உள்ள நீர் பிரிந்து குழம்பாகும். கப்பல் சாயும் பக்கம் குழம்பும் சாயும். பிறகு கப்பல் நிமிரவே நிமிராது!

2015-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி "பல்க் ஜூபிடர்" என்ற கப்பல் மலேசியாவின் குவாந்தான் துறைமுகத்தில் 46,400 டன் பாக்சைட் ஏற்றிக் கொண்டு போகும்போது வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. மாலுமிகள் 19 பேர். பிழைத்தவர் ஒரே ஒருவர்; சமையல்காரர். அது ஓட்டைக் கப்பலும் அல்ல. ஒன்பது வயதுகூட நிறையாத கப்பல். மழையில் ஊறிய மண்தான் எமனாயிற்று. அதன் பிறகே சன்னமான பாக்சைட் ஆபத்தான சரக்கு வரிசையில் சேர்க்கப்பட்டது. ஈரம் எவ்வளவு என்று சோதித்த பிறகே ஏற்ற வேண்டும் என்ற விதி 2021 முதல் கட்டாயமாயிற்று.

இந்தியாவிலும் இந்தப் பாடம் நடந்தது. 2009-ம் ஆண்டு ஜூலையில் இரும்புத் தாதுத் தூள் ஏற்றிய "ஏசியன் பாரஸ்ட்" மங்களூர் அருகே மூழ்கியது. செப்டம்பர் 9-ந் தேதி அதே சரக்கை ஏற்றிய "பிளாக் ரோஸ்" ஒரிசாவின் பாரதீப் அருகே மூழ்கியது. இந்தக் கப்பலில் பறந்தது மங்கோலியக் கொடி! அதன் இன்சூரன்ஸ் பத்திரமே போலி என்று பின்னர் தெரிய வந்தது. 2011-ல் மாலுமிகள் கைவிட்ட "பவித்" என்ற கப்பல், ஆளே இல்லாமல் மிதந்து வந்து மும்பை ஜூகு கடற்கரையில் ஏறி நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் "ராக் காரியர்" நிலக்கரியோடு மும்பைக்கு அப்பால் மூழ்கியது. செல்லத்தக்க இன்சூரன்ஸ் காட்டாத கப்பல் இந்தியத் துறைமுகத்துக்குள் வரக் கூடாது என்று 2012-ல் விதி வந்தது.

அந்த வருடக் கடைசியில்தான் சென்னையில் அந்த ஆறு பேரின் சாவு. அது ஈர மண்ணால் வந்ததல்ல. நின்ற கப்பலைக் கவனிப்பாரில்லாததால் வந்தது.

மாலுமிக்கு என்ன வழி?

இப்போது சில வழிகள் திறந்திருக்கின்றன. மாலுமிகளின் உரிமைச் சாசனம் என்று சொல்லத்தக்க கடல் தொழிலாளர் ஒப்பந்தம் 2013-ல் உலக அளவில் அமலுக்கு வந்தது. இந்தியா 2015-ல் அதை ஏற்றுக் கொண்டது. நல்ல சாப்பாடு, குடிதண்ணீர், சம்பளம் ஆகியவையும் இனிச் சோதனைக்கு உட்பட்டவை. 2017 ஜனவரி முதல், முதலாளி கைவிட்டால் மாலுமிகளுக்குச் சாப்பாடு போட்டு ஊர் அனுப்பவும், நாலு மாதம் வரையிலான சம்பளப் பாக்கியைக் கொடுக்கவும் முன்கூட்டியே பண உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். "பிரதீபா காவேரி" நங்கூரத்தில் நின்ற நாட்களில் இந்த ஏற்பாடு இல்லை.

ஆனாலும் ஆபத்து ஓய்ந்து விடவில்லை. 2025-ம் ஆண்டு மே 25-ந் தேதி, லைபீரியக் கொடியுடன் விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போன "எம்.எஸ்.சி. எல்சா 3" என்ற 28 வயதுக் கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. 24 பேரும் பிழைத்தார்கள். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில், 1958-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை இந்தியப் பார்லிமெண்டு நிறைவேற்றியது.

சட்டம் புதிதாகலாம். சர்டிபிகேட் காகிதம் போய்க் கம்ப்யூட்டருக்கு வரலாம். ஆனால் உளுத்த தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் கை மாறக் கூடாது. "இந்தக் கப்பல் போகக் கூடாது" என்று சொல்லும் துணிவு அந்தக் கைக்கு வேண்டும். அப்படிச் சொன்னால் ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் நஷ்டம் என்று முதலாளி கூக்குரல் இடுவார். சரக்குக்காரர் தந்தி மேல் தந்தியாக நெருக்குவது போய், இன்று போன் மேல் போனாக நெருக்குவார். அதற்கெல்லாம் அசையாத அதிகாரி ஒருவர் இருந்தால், இருபது முப்பது குடும்பங்களில் விளக்கு எரியும்.

இன்னொன்றும் வேண்டும். கப்பலின் குறை முதலில் தெரிவது மாலுமிக்குத்தான். எந்தப் படகின் வடம் துருவேறியது, எந்தப் பம்பு ஓடவில்லை, எந்தத் தொட்டியில் நீர் கசிகிறது என்பது அவனுக்குத் தெரியும். புகார் சொன்னால் வேலை போய்விடுமோ, அடுத்த கப்பலில் ஏற்ற மாட்டார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக் கொள்கிறான். பிளிம்சால் காலத்தில் வாயைத் திறந்தவனுக்கு ஜெயில். இன்று ஜெயில் இல்லை. ஆனால் பயம் போய் விட்டதா? அவன் சொல்லைச் சர்க்கார் காது கொடுத்துக் கேட்டு, உடனே படகில் ஏறிப் போய்ப் பார்த்தால் பாதி ஆபத்து கரையிலேயே நின்று விடும்.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரு கப்பலைப் பார்க்க நேர்ந்தால் அதன் பக்கத்தில் உள்ள அந்த வட்டத்தையும் கோட்டையும் கவனியுங்கள். அது கப்பலுக்கு இட்ட பொட்டு அல்ல. "உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், இதற்கு மேல் ஏற்றாதே" என்று எழுதி வைத்த எழுத்து.